லிப்ரே ஆபிஸ் பீட்டா போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், கோடிங் தெரியாது, கணக்கு ஃபைல் போயிருமா? (2025 தடைக்காலத்துப் பேச்சு)

ஐஸ்பெட்டி, மண்டபம்:

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போறேன், இப்பதான் வாயத் திறக்குறேன். மண்டபத்துல ஒரு மீன் கம்பெனில கணக்கு எழுதுற வேலை. எந்த போட்டுக்கு எவ்வளவு எடை, எந்த மீனு என்ன ரேட்டு, ஐஸ், டீசல், சம்மாட்டி (போட்டு ஓனர்) வாங்கின முன்பணம் எல்லாமே லிப்ரே ஆபிஸ்ல கணக்கு அட்டவணை போடுற கால்க்லதான் ஓடுது. மீன் பேரு போட்டு பேரு அத்தனையும் தமிழ்லதான் அடிப்பேன், சீட்டு பாக்க வர்றவுகளுக்கு அதான் சரிப்படும்.

இப்ப தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வருது அவ்வளவுதான், அதனால கையில நேரம் கெடக்கு. இந்த 2025 ஆகஸ்ட்ல வரப்போற 25.8 வெர்ஷனுக்கு முன்னாடி ஆல்பா, பீட்டான்னு இன்னும் முழுசா முடியாத சோதனை வெர்ஷன விடுறாக, சாதாரண ஆளுகளும் போட்டுப் பாத்து குறை இருந்தா எழுதலாம்னு படிச்சேன். காசு ஒரு ரூவா கொடுக்காம இத்தன வருசமா ஓட்டுறோமே நம்மளும் ஏதாச்சும் செய்வோம்னு ஒரு ஆசை. ஆனா கோடிங் சுத்தமா தெரியாது, இங்கிலீஷ் வாசிச்சா புரியும் எழுத வராது, வீட்டுல இருக்கறது 4 ஜிபி ரேம் பழைய லேப்டாப் லினக்ஸ் மின்ட், பேட்டரி செத்துப்போச்சு கரண்ட் போனா அதுவும் போயிரும், நெட்டு போன்லேர்ந்துதான். இத வச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ண முடியுமா? பீட்டால திறந்தா என் கணக்கு ஃபைல் ஏதும் ஆயிருமா? அதான் ரொம்ப பயம்.

உப்புக்காத்து, தங்கச்சிமடம்:

தம்பி தாராளமா பண்ணுங்க. கோடிங் தெரிஞ்ச ஆளு அங்க நெறைய இருக்காக, இல்லாதது உங்கள மாதிரி ஆளுதான். எழுதினவுக ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாப்பாக, ஆனா ஒரு சீசன் சீட்டு மொத்தத்தையும் ஒரே ஃபைல்ல வச்சுக்கிட்டு தமிழ்ல ஃபில்டர் போட்டு, ஸார்ட் பண்ணி, பிரிண்ட் எடுத்து, அத வாட்ஸாப்ல பிடிஎஃபா அனுப்பி, இவ்வளவையும் ஒரே மூச்சுல பண்ணிப் பாக்குறது யாரு, நீங்கதான்.

ஃபைல் பயத்துக்கு வருவோம். ஆல்பா பீட்டா ரெண்டும் லிப்ரே ஆபிஸ் டெவ்னு தனிப் பேருல வரும், இப்ப இருக்கறது பக்கத்துல தனியா உக்காரும், செட்டிங்ஸும் வேற ஃபோல்டர்ல இருக்கும். அதனால பழசு பாட்டுக்கு பழசு. ஆனா அடுத்து ஆர்சின்னு ஒண்ணு வரும் பாருங்க, ரிலீஸ் கேண்டிடேட், அது டெவ் கிடையாது, அசல் பேருலயே வரும், வின்டோஸ்ல போட்டா இருக்கறதுக்கு மேலயே ஏறி உக்காந்துரும். கம்பெனி சிஸ்டத்துல ஆர்சிய தொடவே தொடாதீங்க. அப்புறம் கம்பெனி சிஸ்டம் இன்னும் வின்டோஸ் 7ன்னா 25.8 அதுல ஏறவே ஏறாது, 7, 8, 8.1 எல்லாத்துக்கும் சப்போர்ட்ட இந்த வெர்ஷனோட நிறுத்துறாக, அத மொதலாளிகிட்ட இப்பவே சொல்லி வச்சுருங்க.

ஃபைல காப்பி எடுத்து டெஸ்டுன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு அத மட்டும் பீட்டால திறங்க. அசல பென்டிரைவ்ல ஒண்ணு, வேற எங்கயாச்சும் ஒண்ணு. பீட்டால ஸேவ் பண்ணினத திரும்ப கொண்டாந்து அசல் மேல வைக்கவே கூடாது, அது நல்லா திறக்குற மாதிரி இருந்தாலும் கூடாது.

கரண்ட் போறது, பேட்டரி இல்லாதது இதெல்லாம் குறைன்னு நினைக்காதீங்க. நடுவுல மிஷின் செத்தா மறுபடி திறக்குறப்ப எதை மீட்டுத் தருது எதை விட்டுடுதுன்னு பாக்குறதே ஒரு டெஸ்ட்தான. ரெக்கவரிக்கான தகவல சும்மா விட்டா 10 நிமிஷத்துக்கு ஒருவாட்டிதான் எழுதி வைக்கும், ஆப்ஷன்ஸ்ல போய் குறைச்சுக்கலாம். யுபிஎஸ் இருக்குற ஊர்க்காரன் இதையெல்லாம் பாக்கவே மாட்டான்.

டவுன்லோடு ஏறக்குறைய 200 எம்பி வரும், டெய்லி பேக்ல ராத்திரி போட்டு விடுங்க.

சும்மா_சொல்றேன், ராம்நாடு:

நல்லா இருக்கு கதை. பெரிய பெரிய கம்பெனி, கவர்மென்ட் எல்லாம் அதையே காசில்லாம எடுத்து ஓட்டுறான், அதுக்கு நம்ம பிள்ளைக கரண்ட் இல்லாத வீட்டுல உக்காந்து ஓசில வேலை பாத்துக் கொடுக்கணுமா? தடைக்காலத்துல சும்மா இருந்தா ரெண்டு பேருக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் கொடுங்க, காசாவது வரும். டெஸ்டிங்னு ஒரு வேலையே இருக்கு, அதுக்கு சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறாங்க.

உப்புக்காத்து, தங்கச்சிமடம்:

அண்ணே, புதுப் பாம்பன் பாலத்துல சனங்கள ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் இன்ஜின ஓட்டிப் பாத்தாகள்ல, அப்ப போய் நின்னு வேடிக்கை பாத்தமே, அது மாதிரிதான் இதுவும். ஓட்டிப் பாக்காம திறந்தா யாரு தலையில விழும், அதுல போற நம்ம தலையிலதான.

சும்மா_சொல்றேன், ராம்நாடு:

அந்த இன்ஜின் ஓட்டினவருக்கு ரயில்வே சம்பளம் கொடுத்துச்சு தம்பி. நான் கேக்குறதும் அதத்தான்.

கீழக்கரை காக்கா:

ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. சும்மா சொல்றேன் அண்ணன் கேக்குறது நியாயமான கேள்விதான், லிப்ரே ஆபிஸ்லயும் சம்பளத்துக்கு கோடு எழுதுற கம்பெனிகள் இருக்கு, அத நடத்துற டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்லயும் சம்பளத்துக்கு ஆள் இருக்கு, யாரும் மறைக்கல. ஆனா சம்பளம் வாங்குற ஆளு எந்த பக்கை, அதாவது எந்த குறைய, முதல்ல பாப்பாரு? காசு கொடுக்குற கஸ்டமருக்கு எது வலிக்குதோ அத. தமிழ் எழுத்து பிடிஎஃப்ல இடம் மாறிப் போறத பத்தி அந்த கஸ்டமருக்கு என்ன கவலை? நம்ம எழுத்துல வர்ற குறைய நம்ம சொல்லலைன்னா ரிலீஸ் ஆகி, அது உபுண்டுல மின்ட்ல ஏறி, ஸ்கூல் லேப்டாப்புக்கெல்லாம் போனதுக்கு அப்புறம் சொல்லணும், அப்புறம் சரிபண்ண அடுத்த ரிலீஸுக்கு காத்துக் கெடக்கணும். நான் இத தர்மமா பண்ணல, என் கடையில டிடிபி வேலை ஓடணும்னு பண்றேன்.

சரி ஐஸ்பெட்டி, பக் எழுதுறது எப்படின்னு சொல்றேன், இங்கிலீஷ் அவ்வளவு வேண்டாம். நான் என்ன பண்ணினேன், என்ன வரும்னு பாத்தேன், என்ன வந்துச்சு. இந்த மூணையும் சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா போதும், இலக்கணம் யாரும் பாக்கறதில்ல. தலைப்பு மட்டும் கொஞ்சம் யோசிச்சு வைங்க. "தமிழ் சரியா வரல"ன்னு போட்டா அத திறக்கக்கூட மாட்டாங்க. உதாரணத்துக்கு, "கால்க்ல தமிழ தடிமனா ஆக்கி பிடிஎஃப் எடுத்தா ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலது பக்கம் போயிருது"ன்னு இருந்தா தமிழ் தெரியாத ஆளுக்கும் எதைப் பாக்கணும்னு வெளங்கும். ஸ்க்ரீன்ஷாட்ல தப்பா வந்த எழுத்த சிவப்புல வட்டம் போடுங்க, பக்கத்துலயே சரியா வந்தா எப்படி இருக்கும்னு ஒரு படம். அவங்களுக்கு கொம்பும் தெரியாது காலும் தெரியாது, நம்மதான் காட்டணும். ஹெல்ப்ல அபௌட் போனா வெர்ஷன், பில்ட் நம்பர் எல்லாம் மொத்தமா காப்பி பண்ண ஒரு பட்டன் இருக்கு, அத அப்படியே ஒட்டுங்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லல. பக்கோட நீங்க ஏத்துற ஃபைல் ஊரே பாக்கலாம், யாரு வேணா டவுன்லோடு பண்ணலாம். சம்மாட்டி பேரு, முன்பணம், போன் நம்பர், பேங்க் நம்பர் உள்ள ஃபைல தூக்கி மாட்டிராதீங்க. பத்து வரிக்கு பொய்க் கணக்கு ஒண்ணு எழுதி அதுல அந்தக் குறை வருதான்னு பாத்துட்டு அத மாட்டுங்க. பத்து வரில வரலைன்னா முழு ஃபைல்ல எது போனா குறை போகுதுன்னு பாதி பாதியா வெட்டிப் பாருங்க. பாதி வேலை இதுலதான் இருக்கு, டெவலப்பருக்கு சின்ன ஃபைல் கெடைச்சா அவ்வளவு சந்தோஷம்.

தமிழ்ல பாக்கணும்னா எங்க பாக்கணும்? நீங்க மீன் பேரு அடிக்கிறீங்கல்ல, கொடுவான்னு ஒரு கட்டத்துல அடிங்க, பக்கத்து கட்டத்துல எத்தன குறி இருக்குன்னு எண்ணுற லென் ஃபார்முலா போடுங்க. 6 வரும். க, கொம்பும் காலும் சேந்த குறி, ட, உகரக் குறி, வ, கால். இப்ப யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்த கொடுவா இருந்தா அதுக்கும் லென் போட்டுப் பாருங்க, சில கன்வெர்ட்டர் கொம்ப தனியா கால தனியா வச்சு விட்டுரும், அப்ப 7 வரும். கண்ணுக்கு ரெண்டும் அச்சா ஒண்ணுதான். யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம்தான். இப்ப ஒண்ண அடிச்சு தேடினா ரெண்டும் மாட்டுதா, ஸார்ட்ல ரெண்டும் பக்கத்துல நிக்குதா, பிவட்ல (மொத்தம் போடுற அட்டவணை) ஒரே வரியா விழுதா, ஆட்டோ ஃபில்டர்ல எத்தன கொடுவா காட்டுது, ஒவ்வொண்ணும் ஒரு டெஸ்ட். பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு தட்டினா கொம்பு மட்டும் போகுதா எழுத்தே போகுதான்னு பாக்குறது இன்னொண்ணு. இதே ரெண்டு ஃபைலையும் பழைய வெர்ஷன் 25.2லயும் திறந்து பாக்கணும். அதுல நல்லா இருந்து பீட்டால கெட்டுச்சுன்னா அதுக்குப் பேரு ரெக்ரஷன், அத எழுதினா உடனே கவனிப்பாங்க, எந்த மாத்தத்துல கெட்டுச்சுன்னு தேடிப் புடிக்க அவங்ககிட்ட வழி இருக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி கெட்டிருந்தா அது பழைய நோவு, மெதுவாத்தான் நகரும்.

ஒரு எச்சரிக்கை, எல்லாம் பக் கிடையாது. கௌ அடிக்குறதுக்கு பதிலா கெ போட்டு பக்கத்துல ள போட்டு வச்சுட்டு தேடினா கிடைக்கலைன்னு சொல்லக்கூடாது, அது வேற எழுத்து. ஃபான்ட்ட மாத்துனேன் தமிழ் மட்டும் மாறலைன்னு நெறைய பேரு எழுதுவாங்க, அதுல இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட் செட்டிங், தமிழ் மாதிரி எழுத்துக்கு தனி செட்டிங், அது அப்படித்தான். எழுதுறதுக்கு முன்னாடி ஹெல்ப் மெனுல சேஃப் மோட்ல திறந்து பாருங்க, அதுலயும் வந்தா எழுதுங்க.

ஐஸ்பெட்டி, மண்டபம்:

காக்கா ரொம்ப நன்றி, இவ்வளவு யாரும் சொல்லித் தந்ததில்ல. உப்புக்காத்து அண்ணே, தம்பி இல்ல, ரெண்டு பிள்ளைக்கு அம்மா நான் 😄 நீங்க சொன்ன மாதிரி காப்பி எடுத்து வச்சுட்டேன், ராத்திரிக்கு டவுன்லோடு. ஒரு கேள்வி, நான் ஒரு குறையும் கண்டுபுடிக்கலைன்னா என் நேரம் வீணா?

உப்புக்காத்து, தங்கச்சிமடம்:

அய்யோ மன்னிச்சுக்கங்க அக்கா. வீணெல்லாம் இல்ல. பக் லிஸ்ட்ல அன்கன்ஃபர்ம்டுன்னு கெடக்கும் பாருங்க, யாரோ ஒருத்தர் எழுதியிருப்பாக, வேற யாரும் போட்டுப் பாத்திருக்க மாட்டாக. வேற ஒரு ஆளு அதே மாதிரி பண்ணிப் பாத்து எனக்கும் வருதுன்னு எழுதினாத்தான் அது நியூன்னு மாறி அடுத்த படிக்குப் போகும். எனக்கு வரலைன்னு எழுதினாலும் வெர்ஷன் நம்பரோட எழுதினா அதுவும் தகவல்தான். கால்க் சம்பந்தமா கெடக்குறத நாளுக்கு ஒண்ணு எடுத்துப் பாருங்க. சொந்தமா எழுதுறதுக்கு முன்னாடி இதப் பண்ணினா பக் எப்படி எழுதுறதுங்கறதும் தானா பழகிரும்.

பெரியபட்டினத்தான், தோஹா:

ஊர்ப் பேச்சு கேட்டு சந்தோஷம். நான் டெபியன்ங்கற லினக்ஸோட டெஸ்டிங் ஓட்டுறேன், அடுத்து வர்ற வெர்ஷன் 13, ட்ரிக்ஸின்னு பேரு, இப்ப ஃப்ரீஸ்ல இருக்கு, பெரிய மாத்தம் எதுவும் உள்ள விடமாட்டாங்க, அதனால இந்த நேரம் புதுசா உள்ள வர்றவங்களுக்கு நல்ல நேரம்.

சும்மா சொல்றேன் அண்ணன் காசப் பத்தி சொன்னாரு, நான் ஆபத்தப் பத்தி சொல்றேன், யாரும் இங்க தொடல. 2024 மார்ச் கடைசில எக்ஸ்இசட்னு ஒரு கம்ப்ரஸ் பண்ற லைப்ரரி, 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்ல எவனோ கள்ளக்கதவு வச்சு விட்டிருந்தான். ரெண்டு வருசத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை பாத்து நம்பிக்கை வாங்கி உள்ள வந்த ஆளு. அது ஊரே ஓட்டுற ஸ்டேபிளுக்கு வந்து சேரல, டெபியன் சிட், டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட், டம்பிள்வீட் இந்த மாதிரி புதுச முதல்ல போட்டு முன்னாடி ஓடுற லினக்ஸ்லதான் இருந்துச்சு. புடிச்சது யாரு, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், அவரு சிட்ல வேற ஏதோ வேகம் அளந்துட்டு இருந்தவரு, தூரத்துலேர்ந்து மிஷினுக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்டு கூடுதலா எடுக்குதேன்னு தோண்டினாரு, உள்ள இது கெடந்துச்சு. மார்ச் 29 ஊருக்கு சொன்னாரு. உபுண்டு 24.04 பீட்டாவையே ஒரு வாரம் தள்ளி வச்சு எல்லா பாக்கேஜையும் புதுசா கட்டினாங்க.

இதுல ரெண்டு பக்கமும் பாத்துக்கங்க. முன்னாடி ஓட்டுற ஆளு இருந்ததாலதான் மாட்டுச்சு. அதே நேரம் முன்னாடி ஓட்டினவன் மிஷின்லதான் அந்தக் கதவு திறந்தும் கெடந்துச்சு. அதனால டெஸ்ட் மிஷின்ல பேங்க் லாகின், கம்பெனி மெயில் பாஸ்வேர்டு எதுவும் வைக்காதீங்க. ஒரே லேப்டாப்தான்னா ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல பீட்டா போடாம ஒரு சாஃப்ட்வேர மட்டும் பீட்டாவா போட்டா போதும், அக்கா எடுத்த வழி சரியான வழி.

பாம்பன் பையன்:

குறுக்க வர்றேன் மன்னிச்சுக்கங்க. லேப்டாப் இல்லாம போன்ல மட்டும் டெஸ்ட் பண்ண முடியுமா? அப்புறம் எங்க மாமா போட்டுல பழைய லேப்டாப்ல ஓப்பன்சிபிஎன்னு கடல் வரைபடம் பாக்குற சாஃப்ட்வேர் போட்டு ஜிபிஎஸ் மாட்டி வச்சிருக்கேன். அதோட பீட்டா விடுறாங்க, தடை முடிஞ்சு கடலுக்கு இறங்குறப்ப அத போட்டு நெசமான ஓட்டத்துல டெஸ்ட் பண்ணலாமா? கரையில உக்காந்து என்னத்த டெஸ்ட் பண்றது.

பெரியபட்டினத்தான், தோஹா:

போன்ல ஃபயர்பாக்ஸ் பிரவுசரோட சோதனை வெர்ஷன் நைட்லி போடு, தனி ஆப்பா வரும், சாதா ஃபயர்பாக்ஸ் பக்கத்துலயே இருக்கும். தெனமும் அப்டேட் வரும், அதனால வைஃபைல மட்டும் அப்டேட்னு வச்சுக்க இல்லைன்னா பேக் காலி. நாலு வாரத்துக்கு ஒரு ரிலீஸ்ங்கறதால நீ இன்னைக்கு நைட்லில பாக்குறது பீட்டா தாண்டி ஊருக்குப் போக கொஞ்ச மாசம்தான். தமிழ் நியூஸ் சைட்டு, கவர்மென்ட் சைட்டு எல்லாம் அதுல திறந்து பாரு. ஓப்பன் சோர்ஸ் ஆப் கெடைக்குற எஃப்-ட்ராய்டுலயும் நெறைய ஆப் பீட்டாவும் வைப்பாங்க.

உப்புக்காத்து, தங்கச்சிமடம்:

போட்டு விஷயத்துக்கு நான் சொல்றேன். வேண்டாம் தம்பி. நம்ம கடல்ல எல்லைக்கோடு எங்க இருக்குன்னு உனக்கே தெரியும், ராமேஸ்வரத்துலேர்ந்து கச்சத்தீவு பக்கத்துல கெடக்கு, சாப்பாட்டு நேரத்துக்குள்ள தாண்டிரலாம். ராத்திரி வலை போட்டுட்டு நீரோட்டத்துல இழுத்துட்டுப் போறப்ப திரையில போட்டோட புள்ளி பத்து நிமிஷம் பழைய எடத்துலயே உறைஞ்சு நின்னா என்ன ஆகும்? பீட்டான்னா அப்படி நிக்கலாம்னு அவங்களே சொல்லித்தான விடுறாங்க. மாமாவும் ஆளுகளும் அந்தப் பக்கம் ஜெயில்ல கெடந்தா பக் நம்பர காட்டி கூட்டிட்டு வர முடியாது. ஓட்டத்துக்கு ஸ்டேபிள்தான், அதுகூட போட்டுல இருக்குற ஜிபிஎஸ்ஸுக்கு தொணையாத்தான், அத நம்பி இல்ல.

கரையில என்ன டெஸ்டுன்னு கேட்டியே. ஓப்பன்சிபிஎன்ல ஓட்டத்துல வந்த ஜிபிஎஸ் தகவல பதிஞ்சு வச்சு திரும்ப ஓட்டிப் பாக்கலாம், விடிஆர்னு ஒரு ப்ளகின் இருக்கு. ஸ்டேபிள வச்சு ஒரு ஓட்டம் முழுக்க பதிஞ்சுட்டு வா, வீட்டுல கட்டில்ல உக்காந்து பீட்டால அதையே ஓட விடு, அலாரம் அடிக்குதா, தடம் ஒழுங்கா விழுதா, ரெண்டு வெர்ஷன்லயும் ஒண்ணா இருக்கான்னு பாரு. அதுல கெடைக்குற பக்க எந்த ஊர்க்காரனும் மதிப்பான், யாரும் கடல்ல சிக்கவும் மாட்டாக.

பாம்பன் பையன்:

சரிண்ணே, அப்படியே பண்றேன். மாமாட்ட சொல்லியிருந்தா லேப்டாப்ப தூக்கி கடல்லயே போட்டிருப்பாரு.

ஐஸ்பெட்டி, மண்டபம்:

வந்துட்டேன். பீட்டா ஏறிருச்சு, 4 ஜிபில திறக்க கொஞ்சம் நேரம் எடுக்குது ஆனா ஓடுது. காக்கா சொன்ன மாதிரி மீன் பேரு கட்டத்துக்கு எல்லாம் லென் போட்டுப் பாத்தேன், எனக்கு முன்னாடி இருந்தவரு பாமினில அடிச்சு மாத்தினது எல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாத்தான் இருக்கு, கொடுவா 7, நான் அடிச்சது 6. போன வருச மொத்தத்துல கொடுவா ஏன் ரெண்டு எடத்துல வந்துச்சுன்னு மொதலாளி கேட்டப்ப யாருக்கும் பதில் தெரியல, இப்ப தெரிஞ்சுருச்சு. பழைய வெர்ஷன்லயும் புதுசுலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, அதனால ரெக்ரஷன் கிடையாது, சரியா காக்கா? இத எழுதலாமா வேண்டாமா?

அப்புறம் உப்புக்காத்து சொன்னபடி அன்கன்ஃபர்ம்டுல ஒண்ணு எடுத்தேன், பிரிண்ட் ப்ரிவ்யூ பத்தி ஒரு ஆளு எழுதியிருந்தாரு, அதே மாதிரி பண்ணினேன் எனக்கு வரல. வெர்ஷன், மின்ட், 4 ஜிபி எல்லாம் போட்டு எனக்கு வரலைன்னு ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதிட்டேன். கொஞ்ச நேரத்துல அந்த ஆளே எந்த பிரிண்டர்னு கேட்டாரு. பிரிண்டரே இல்ல வீட்டுலன்னு சொன்னேன், அதுதான் காரணமா இருக்கலாம்னு சொன்னாரு.

சும்மா_சொல்றேன், ராம்நாடு:

பிரிண்டர் எங்கிட்ட இருக்கு, கடையில ரெண்டு. அந்த பக் நம்பர போடுங்க, பாத்து சொல்றேன். சம்பளம் கேக்கமாட்டேன்.

கீழக்கரை காக்கா:

அதுவே வேணும் அண்ணன் 😄

ஐஸ்பெட்டி, ரெக்ரஷன் இல்ல சரிதான், ஆனா எழுதலாம். குறைன்னு எழுதாம மேம்பாடுன்னு வகை போட்டு எழுதுங்க, யூனிகோட்படி சமமான ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கணும்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி ஏற்கனவே யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு தேடுங்க, இருந்தா அதுல போய் சின்னதா ஒரு அஞ்சு வரி ஃபைல மட்டும் மாட்டுங்க. கொடுவா 6 ஒண்ணு, கொடுவா 7 ஒண்ணு, எடை ஏதோ ஒரு நம்பர், போதும். போட்டு பேரு மட்டும் வேண்டாம்.